பழைய விளக்கில் புதிய ஒளி

தமிழில் 'விளக்கு' என்னுஞ் சொல் பெயராகவும் வினையாகவும் வழங்கும். இருளைப் போக்கும் கருவி விளக்கு. தெளிவில்லாத பொருளைத் தெளிவுறச் செய்தல் விளக்குதல். கறை படிந்த கலத்தைத் தேய்த்துத் துலக்குதலும் விளக்குதலே. ஒரு சொல் இம்மூன்று பொருளையும் தாங்கி நிற்றல் கருதத்தக்கது. மழுங்கிக் கிடப்பதை ஒளிபெறச் செய்தல் என்பதே மூன்றற்கும் பொதுவான கருத்தாகும். பயனற்றதென்று பரணில் போடப்பட்ட பழைய மின்கல விளக்கைத் துலக்கி, அதன் அமைப்பை விளங்கிக்கொண்டு, எல்.இ.டி. என்னும் புதிய ஒளிமூலத்தைப் பொருத்தி, மீண்டும் ஒளிரச் செய்யும் தொழிலில் இம்மூன்றும் ஒருங்கே அமைகின்றன. அத்தொழிலின் இயல்பும் பயனும் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

தேனி மாவட்டத்தில், பெரியகுளம் வட்டத்தில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தே அமைந்த பேரூர் கெங்குவார்பட்டி. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் நெடுஞ்சாலையில் அஃது உள்ளது. ஊருக்கு மேலே வானளாவ நிற்பது பழனிமலைத் தொடர். அம்மலையில், ஏறத்தாழ 297 மீட்டர் உயரத்தினின்று வெள்ளிக்கம்பி போல் வீழ்வது தலையாற்று அருவி. அவ்வருவிநீர் மஞ்சளாற்றோடு கூடி, அடிவாரத்து நிலங்களை வளப்படுத்துகின்றது. மாந்தோப்பும், தென்னந்தோப்பும், நெல்வயலும் மலையடி வரையில் பரந்துள்ளன. பகற்பொழுதில் இவ்வூரின் அழகைக் கண்டு மகிழாதார் இலர்.

ஆயின், உழவரின் தொழில் பகலோடு முடிவதன்று. கிணற்று நீரை இரவில் பாய்ச்ச வேண்டி வருவதுண்டு. மா காய்க்குங் காலத்தில் தோப்பைக் காக்க வேண்டும். மலையினின்று இறங்கும் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் விளைநிலத்தில் புகாவண்ணம் விழித்திருக்க வேண்டும். வீட்டிற்கும் தோட்டத்திற்கும் இடையே உள்ள வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் இருளில் நடக்க வேண்டும். தெருவிளக்கின் ஒளி அவ்விடங்களுக்கு எட்டுவதில்லை. கையில் உள்ள விளக்கே அங்குக் கண்.

அக்கண் இல்லையாயின் நேரும் கேடு சிறிதன்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் நாட்டில் மிகுதியான உயிர்க்கேட்டை விளைவிப்பன. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில், இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டுள்ளது. அஃதாவது, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். அவருள் மிகப் பெரும்பாலார் நாட்டுப்புறத்து உழவரும் உழைப்பாளருமே ஆவர். இரவில் நடப்போர் காலடியில் ஒளி விழுமாறு விளக்கைப் பிடித்துச் செல்லுதல் வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதுபற்றியே. ஒரு விளக்கு எரிவதும் எரியாததும் ஓர் உயிர் நிற்பதும் நில்லாததுமாக முடிதல் கூடும் என்பதை மாணவர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பண்டைக்காலத்தில் இருளில் வழிநடந்தோர் தீப்பந்தமும் சுளுந்தும் ஏந்தினர். வீட்டில் அகல்விளக்கு எரிந்தது. பின்னர் மண்ணெண்ணெய் வந்தபோது, காடாவிளக்கும், கண்ணாடிக் கூண்டுடைய அரிக்கேன் விளக்கும், பெருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் வழக்கிற்கு வந்தன. இவையனைத்தும் நெருப்பை எரித்து ஒளி பெறுவன. காற்றுக்கு அஞ்சுவன, புகையை உமிழ்வன, கூரை வேய்ந்த வீடுகளுக்குத் தீங்கு விளைக்கத்தக்கன.

நெருப்பின்றி ஒளிபெறும் வழியை மின்கலம் காட்டிற்று. இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். பிரெஞ்சு நாட்டினராகிய பிளாண்டே, 1859இல், மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய அமில மின்கலத்தைக் கண்டார். அந்நாட்டினரே ஆகிய லெக்லாஞ்சே 1866இல் அமைத்த மின்கலமே, பிற்காலத்தில் டார்ச்சு விளக்கில் இடும் உலர்மின்கலத்திற்கு மூலமாயிற்று. இந்நூற்றாண்டுத் தொடக்கம் வரையில் நாட்டுப்புற மக்கள் கையாண்ட மின்கல விளக்குகளுள் பெரும்பாலானவை இவ்விருவகைக் கலங்களுள் ஒன்றைக் கொண்டனவேயாம்.

கம்பம் பள்ளத்தாக்கு மின்சாரத்திற்குப் புதியதன்று. பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கு நோக்கி வந்து இப்பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. 1895ஆம் ஆண்டில் உழவின் பொருட்டுத் திருப்பப்பட்ட அந்நீரைக்கொண்டே, லோயர் கேம்ப் என்னுமிடத்தில் 1958ஆம் ஆண்டில் மின்னாக்க நிலையம் இயங்கத் தொடங்கியது. எனினும், மின்சாரம் வந்த ஊரிலும் மின்வெட்டு வருதல் உண்டு. 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வரையில், சிறப்பாக 2012ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு ஊர்கள் நாள்தோறும் நெடுநேரம் மின்சாரமின்றி இருந்தன. அக்காலத்தே, 'எமர்ஜென்சி விளக்கு' என மக்கள் வழங்கும் மின்கல விளக்கு வீடுதோறும் புகுந்தது. தேர்வுக்குப் படித்த மாணவர் பலர் அவ்விளக்கொளியிலேயே படித்தனர்.

அவ்விளக்கின் அமைப்பு எளியது. அதன் அடியில் 6 வோல்ட்டு மின்னழுத்தமும் 4.5 ஆம்பியர்-மணிக் கொள்ளளவும் உடைய ஈய அமில மின்கலம் இருக்கும். முகப்பில் 6 வாட் அல்லது 8 வாட் அளவுள்ள சிறிய குழல்விளக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். மின்கலத்தின் குறைந்த அழுத்தத்தை, குழல்விளக்கை எரிக்கத்தக்க உயர்ந்த அழுத்தமாக மாற்றும் சுற்றமைப்பு நடுவே இருக்கும். சுவரில் உள்ள 230 வோல்ட்டு மின்சாரத்தைக் குறைத்து மின்கலத்தில் ஏற்றும் பகுதியும் உடனிருக்கும். கதிரவன் ஒளியால் மின்னேற்றும் விளக்குகளும் இதுபோன்றனவே. 12 வோல்ட்டு மின்கலமும், 7 வாட் குறுங்குழல் விளக்கும், 10 வாட் கதிரொளித் தகடும் கொண்ட அமைப்பு அவற்றுள் பெருவழக்காய் இருந்தது.

இத்தகைய விளக்குகள் பல இன்று பரணிலும் கொட்டிலிலும் கிடக்கின்றன. அவை கெட்டமைக்குக் காரணம் யாது? மூன்று காரணங்கள் உள. முதலாவது, குழல்விளக்கின் இருமுனையும் நாளடைவில் கருத்து, ஒளி மங்கி, இறுதியில் எரியாமற் போதல். இரண்டாவது, அழுத்தத்தை உயர்த்தும் சுற்றமைப்பு வெப்பத்தால் பழுதுறுதல். மூன்றாவது, மின்கலத்தை முற்றும் வறளவிட்டு, மின்னேற்றாது நெடுநாள் போட்டு வைத்தல். வறண்ட கலத்தின் ஈயத்தகடுகளில் ஈயச் சல்பேட்டுப் படிந்து இறுகுகின்றது. இறுகிய பின் அக்கலம் மின்சாரத்தை ஏற்பதுமில்லை, தருவதுமில்லை. ஆயினும், இம்மூன்று பழுதும் நேர்ந்த விளக்கிலும் கூடு நன்றாயிருக்கும், கைப்பிடி நன்றாயிருக்கும், பெரும்பாலும் மின்னேற்றும் பகுதியும் நன்றாயிருக்கும். பல்லொன்று விழுந்தமைக்காக ஏரையே எறிந்துவிடும் உழவர் இலர். விளக்கிற்கும் அம்முறையே பொருந்தும்.

குழல்விளக்கிற்கு மாற்றாக வந்திருப்பது எல்.இ.டி. என்பது. இதனை 'ஒளியுமிழ் இருமுனையம்' என்று அறிவியல் நூல்கள் கூறும். இதில் இழையும் இல்லை, ஆவியும் இல்லை, எரிவது ஒன்றும் இல்லை. கடுகளவான குறைகடத்திப் படிகம் ஒன்றே இதன் உயிர். அப்படிகத்தில் இரண்டு படலங்கள் ஒட்டியிருக்கும். ஒன்றில் எலெக்ட்ரான்கள் மிகுதி. மற்றொன்றில் எலெக்ட்ரான் இருக்கவேண்டிய இடங்கள் வெற்றிடமாய்க் கிடக்கும். மின்னோட்டம் பாயும்போது, எலெக்ட்ரான்கள் எல்லையைக் கடந்து சென்று அவ்வெற்றிடங்களில் வீழ்கின்றன. வீழும்போது அவை இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகின்றது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். மலைச்சரிவில் மேல்வயலும் கீழ்வயலும் படிபடியாய் அமைந்துள்ளன. மேல்வயல் நீர் மடைவழியே கீழ்வயலில் வீழும்போது ஓசை எழுகின்றது. வீழ்ச்சி சிறிதாயின் ஓசை சிறிது. பெரிதாயின் ஓசை பெரிது. எலெக்ட்ரான் வீழும் உயரமும் அவ்வாறே ஒளியின் நிறத்தை வகுக்கின்றது. சிறிய வீழ்ச்சி சிவப்பொளியைத் தரும். அதனினும் பெரிய வீழ்ச்சி பச்சையைத் தரும். நீல ஒளிக்கு மிகப் பெரிய வீழ்ச்சி வேண்டும். அத்துணை உயரமுடைய படிகத்தைச் செய்வதே அரிதாயிருந்தது.

அமெரிக்க அறிஞர் நிக் ஹோலன்யாக், கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு எல்.இ.டி.யை 1962ஆம் ஆண்டில் செய்தார். அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள், செறிந்த நீல ஒளி எவர்க்கும் வாய்க்கவில்லை. நீலமின்றி வெள்ளொளி இல்லை. வெள்ளொளியின்றி வீட்டிற்கு விளக்கில்லை. காலியம் நைட்ரைடு என்னும் பொருளினின்று நீலம் பெறலாம் என்று எண்ணிய பலர், அதன் நல்ல படிகத்தைப் பெற இயலாது சோர்ந்து, அதனைக் கைவிட்டனர். சப்பான் நாட்டினராகிய இசாமு அகசாகி, இரோசி அமானோ, சூசி நாகமுரா ஆகிய மூவரும் அதனைக் கைவிட்டாரல்லர். பிறர் ஒதுக்கிய அப்பொருளையே பற்றி நின்று, பன்முறை தோற்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செறிந்த நீல ஒளியைக் கண்டனர். நீல ஒளிப் படிகத்தின்மேல் மஞ்சள் நிற ஒளிர்பொருளைப் பூசியபோது, இரண்டும் கலந்து வெள்ளொளி பிறந்தது. 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு அம்மூவர்க்கும் வழங்கப்பட்டது.

பழைய இழைவிளக்கு தான் உண்ணும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாக்கி வீணாக்கியது. ஒரு வாட் மின்சாரத்திற்கு அது தந்த ஒளி ஏறத்தாழ 10 முதல் 15 லூமென். குழல்விளக்கு அதனினும் சில மடங்கு தந்தது. இன்று கடைகளிற் கிடைக்கும் எல்.இ.டி. 100 லூமெனுக்கு மேலும் தருகின்றது. விலையும் பெரிதும் குறைந்துவிட்டது. 2015ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. 2014இன் தொடக்கத்தில் அரசுக் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த விளக்கின் விலை, சில ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

இனி, பழைய விளக்கை மாற்றியமைக்கும் முறையைக் காண்க. இத்தொழிலை மாணவர் தனியே செய்தல் கூடாது. ஆசிரியரோ, மின்தொழில் அறிந்த பெரியவரோ அருகிருக்கச் செய்தல் வேண்டும். விளக்கைச் சுவர் மின்சாரத்தினின்று பிரித்த பின்னரே கூட்டைத் திறத்தல் வேண்டும். மின்னேற்றும் பகுதியில் 230 வோல்ட்டு மின்சாரம் பாய்வதால், அப்பகுதியைத் தொடாது விடுதல் நன்று.

முதற்கண் மின்கலத்தை ஆராய்தல் வேண்டும். உப்பியதும், வெடிப்புற்றதும், அமிலம் கசிந்ததும் பயன்படா. அத்தகைய குறையில்லாத கலத்தை முழுதும் மின்னேற்றிச் சில மணி நேரம் வாளா வைத்து, மின்னளவியால் அளந்து பார்த்தல் வேண்டும். 6 வோல்ட்டுக் கலத்தில் 6.3 வோல்ட்டுக்குக் குறையாமல் இருப்பின் அது நன்று. மிகக் குறைந்திருப்பின் புதிய கலம் வாங்குதல் வேண்டும். பழைய விளக்கில் ஈய அமிலக் கலத்திற்குரிய மின்னேற்றியே உள்ளதாதலால், அதில் லித்தியம் மின்கலத்தை வைத்தல் ஆகாது. லித்தியம் கலம் தனக்கென அமைந்த மின்னேற்றியையே வேண்டுவது. முறைமாறி ஏற்றினால் தீப்பற்றவுங் கூடும்.

அடுத்து, குழல்விளக்கை உடையாமல் கழற்றுதல் வேண்டும். அதனுள் சிறிதளவு பாதரசம் உண்டு. அதன்பின், அழுத்தத்தை உயர்த்தும் சுற்றமைப்பை நீக்குதல் வேண்டும். எல்.இ.டி.க்கு உயர்ந்த அழுத்தம் வேண்டா. வெள்ளை எல்.இ.டி. ஒன்றிற்கு வேண்டுவது ஏறத்தாழ 3.2 வோல்ட்டே.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. எல்.இ.டி.யை மின்கலத்தோடு நேரே இணைத்தலாகாது. அதற்குரிய அழுத்தம் சிறிதளவு மிகினும், அதனுட் பாயும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகி, அதனைக் கருக்கிவிடும். கால்வாய் நிறைந்து வரும் நீரை வயலில் அப்படியே விட்டால் பயிர் அழியும். மடையில் பலகையிட்டு அளவாக விடுவதே உழவர் முறை. மின்னோட்டத்திற்கு அம்மடைப்பலகையாய் நிற்பது மின்தடை.

தடையின் அளவைக் கணக்கிடுதல் எளிது. மின்கலத்தின் அழுத்தம் 6.4 வோல்ட்டு எனக் கொள்க. எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 3.2 வோல்ட்டு. எஞ்சிய 3.2 வோல்ட்டையும் தடை தாங்குதல் வேண்டும். பாயவேண்டிய மின்னோட்டம் 0.1 ஆம்பியர். ஓம் என்னும் செருமானிய அறிஞர் கண்ட விதிப்படி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்க, 3.2 ÷ 0.1 = 32 ஓம் என வரும். கடையில் இதற்கு நெருங்கிக் கிடைப்பது 33 ஓம் தடை. அதில் வெப்பமாகும் ஆற்றல் ஏறத்தாழ 0.3 வாட், ஆதலால் அரை வாட் தாங்கும் தடையை வாங்குதல் வேண்டும். இவ்வாறு, ஒரு வாட் எல்.இ.டி. நான்கினை எடுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு தடை சேர்த்து, நான்கு கிளைகளாகப் பக்க இணைப்பில் அமைத்தல் வேண்டும். ஒரு வாட் எல்.இ.டி. 0.35 ஆம்பியர் வரையில் தாங்கத்தக்கது. அதில் 0.1 ஆம்பியர் மட்டும் விடுவதால் அது சூடேறாது, நெடுநாள் உழைக்கும்.

எல்.இ.டி.க்கு நேர்முனையும் எதிர்முனையும் உண்டு. முனை மாறினால் ஒளி வராது. நான்கு எல்.இ.டி.யையும் சிறிய அலுமினியத் தகட்டின்மேல் அமைந்த பலகைகளில் பொருத்தி, கம்பிகளைப் பற்றாசு உருக்கி இணைத்தல் வேண்டும். பொன்வேலை செய்வோரும் பாத்திரம் அடைப்போரும் நெடுங்காலம் கையாண்ட அத்தொழிலே இது. பற்றாசு பளபளப்பாய்ப் படிந்தால் இணைப்பு நன்று. மங்கி உருண்டு நின்றால் மீண்டும் செய்தல் வேண்டும். மின்கலத்தின் நேர்முனையை அடுத்து ஓர் ஆம்பியர் உருகி ஒன்றை வைத்தல் இன்றியமையாதது. பழைய விசையையே ஒளியை ஏற்றவும் அணைக்கவும் பயன்படுத்தலாம். முகப்பில் இருந்த ஒளிபுகு மூடியை நன்கு துலக்கி மீண்டும் பொருத்தினால், எல்.இ.டி.யின் கூரிய ஒளி பரந்து, கண்ணுக்கு இதமாகும்.

இம்மாற்றத்தால் விளையும் பயன் எத்துணை? பழைய 6 வாட் குழல்விளக்கு, சுற்றமைப்பின் இழப்பையும் சேர்த்து, மின்கலத்தினின்று ஏறத்தாழ 1.2 ஆம்பியர் இழுக்கும். 4.5 ஆம்பியர்-மணிக் கலம் கணக்குப்படி நான்கு மணி நேரமும் தாங்காது. விரைந்து இழுக்குங்கால் கலம் தன் முழு அளவையும் தருவதில்லையாதலின், மூன்று மணி நேரமே எரியும். புதிய அமைப்பு இழுப்பது 0.4 ஆம்பியர். 4.5 ÷ 0.4 = 11 மணி நேரத்திற்குச் சிறிது மேல். கலத்தில் மூன்றில் ஒரு பங்கை இருப்பாக விட்டுவைத்தாலும் ஏழு மணி நேர ஒளி உறுதி. முன்னிரவில் ஏற்றிய விளக்கு நள்ளிரவுக்கு முன் அணைந்த காலம் போய், காவலிருப்போர்க்கு விடியற்காலம் வரை துணைநிற்கும் காலம் வருகின்றது.

ஒளியின் மொத்த அளவில், புதிய குழல்விளக்கைவிட இந்நான்கு எல்.இ.டி.களும் சற்றுக் குறைந்தனவே. ஆயினும், குழல்விளக்கு எப்பக்கமும் ஒளியைச் சிதறுவது, எல்.இ.டி. ஒருபக்கமே செலுத்துவது. ஆதலால், படிக்கும் நூலின் மீதும் நடக்கும் பாதையின் மீதும் விழும் ஒளி குறைவதில்லை. தடைகளில் ஏறத்தாழப் பாதி ஆற்றல் வெப்பமாய்க் கழிகின்றது என்பதும் இவ்வெளிய அமைப்பின் குறையே. மின்னோட்டத்தைச் சீராக்கும் சிறிய ஓட்டுசுற்றுகள் கடையிற் கிடைக்கின்றன. அவற்றை இணைத்தால் அவ்விழப்பும் பெரும்பாலும் நீங்கும். முதலில் எளிய முறையைக் கற்றுத் தெளிந்தவர் பின்னர் அதனைச் செய்தல் நலம்.

மாற்றியமைத்த விளக்கைப் பேணுவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மின்கலம் வறளத் தொடங்கியதும் குழல்விளக்கு மங்கி அணைந்துவிடும். எல்.இ.டி. அவ்வாறன்று. அழுத்தம் 5.4 வோல்ட்டாகத் தாழ்ந்த பின்னும் அது ஒளிர்ந்துகொண்டே இருக்கும். இன்னும் எரிகின்றதே என்று மகிழ்ந்து விட்டுவிட்டால், கலம் முற்றும் வறண்டு கெடும். எனவே, எரிந்த நேரத்தை நினைவிற்கொண்டு, நாள்தோறும் மின்னேற்றுதல் வேண்டும். பயன்படுத்தாத காலத்திலும் திங்களுக்கு ஒருமுறையேனும் ஏற்றுதல் நலம். தாழ்ந்த அழுத்தத்தில் தானே துண்டிக்கும் சுற்று அமைந்த விளக்காயின், அதனை நீக்காமல் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

உலர்மின்கலம் இடும் டார்ச்சு விளக்கின் முறை வேறு. இரண்டு கலங்கள் சேர்ந்து தருவது 3 வோல்ட்டு, வெள்ளை எல்.இ.டி.க்கு அது போதாது. கலம் சிறிது பழகியதும் ஒளி மிகவும் மங்கிவிடும். ஆதலின், அழுத்தத்தைச் சிறிது உயர்த்தும் சுற்றைத் தன்னகத்தே கொண்ட எல்.இ.டி. குமிழை வாங்கிப் பழைய குமிழ் இருந்த இடத்தில் திருகுதல் வேண்டும். மூன்று கலமிடும் விளக்கில், தக்கதொரு தடையுடன் எல்.இ.டி.யை அமைத்தலே போதும்.

கழித்த பொருள்களைக் குப்பையில் எறிதல் பெருந்தீங்கு. மின்கலத்தில் உள்ள ஈயமும் அமிலமும் மண்ணையும் நீரையும் நஞ்சாக்குவன. ஈயம் சிறுவர்தம் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பழைய மின்கலங்களை முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ய வேண்டுமென 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வகுத்துள்ளன. ஆகவே, பழைய கலத்தை விற்பனையாளரிடமே திரும்பக் கொடுத்தல் வேண்டும். உடைத்து ஈயத்தை எடுக்க முயல்வதும், கிணற்றங்கரையில் அமிலத்தைக் கொட்டுவதும் ஊருக்கே இழைக்கும் தீங்காகும்.

இத்தொழில் கற்றார்க்கன்றி மற்றவர்க்கு வாராது என எண்ணவேண்டா. இராசத்தான் மாநிலத்துத் திலோனியா என்னும் சிற்றூரில், 1972ஆம் ஆண்டில் தோன்றிய பேர்ஃபுட் கல்லூரி, எழுத்தறியாத நாட்டுப்புறப் பெண்டிர்க்குக் கதிரவ விளக்குகளை இணைக்கவும் பழுதுபார்க்கவும் பயிற்சி அளித்தது. தடைகளின்மேல் உள்ள வண்ணக்கோடுகளைக் கண்டே அவற்றின் அளவை அவர் அறிந்தனர். தத்தம் ஊருக்குத் திரும்பி, அங்குள்ள வீடுகளுக்கு விளக்கேற்றினர். மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில், பத்து இலட்சம் கதிரவப் படிப்புவிளக்குகள் நாட்டுப்புற மாணவர்க்குக் கிடைத்தன. அவ்விளக்குகளை அவ்வவ்வூர் மக்களே இணைத்தனர். பழுதுற்றால் திருத்தவும் அவரே கற்றிருந்தனர். விளக்கைத் தருதல் ஓர் உதவி. விளக்கைத் திருத்தும் கல்வியைத் தருதல் அதனினும் பேருதவி.

கெங்குவார்பட்டி போன்ற ஊர்களில், இரவில் தோட்டம் செல்லும் ஒருவர்க்குப் புதிய விளக்கு வாங்கும் பொருள் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆயின், அவர் வீட்டுப் பரணில் பழைய விளக்கு ஒன்று இருத்தல் கூடும். எல்.இ.டி. நான்கும், தடை நான்கும், உருகி ஒன்றும், கம்பி ஒரு முழமும் அவ்விளக்கிற்கு உயிர் தரும். வேண்டுவது பொருளினும் மிகுதியாகக் கைத்திறனும், கணக்கறிவும், பொறுமையுமே. பள்ளியிற் கற்ற ஓம் விதி அங்கே ஒரு தந்தையின் காலடிக்கு ஒளியாய் நிற்கும்.

பழையது அனைத்தும் நன்றுமன்று. பழையது அனைத்தும் தீதுமன்று. மங்கிய குழலையும் உப்பிய கலத்தையும் நீக்குதல் அறிவு. உறுதியான கூட்டையும் பயன்படும் உறுப்பையும் காத்தலும் அறிவு. நீக்கத்தக்கது இது, காக்கத்தக்கது இது எனப் பகுத்துணர்ந்து, பழைய கூட்டில் புதிய ஒளியை ஏற்றுவோரே உண்மையில் விளக்கை விளக்குவோர் ஆவர்.

பயிற்சி

1. 'விளக்கு' என்னுஞ் சொல் உணர்த்தும் மூன்று பொருள்கள் யாவை? அவை மூன்றும் இப்பாடப்பொருளோடு எவ்வாறு பொருந்துகின்றன?
2. பழைய மின்கல விளக்குகள் கெடுவதற்குரிய காரணங்களைக் கூறுக.
3. எல்.இ.டி. ஒளிதரும் வகையை வயல்நீர் உவமையால் விளக்குக.
4. எல்.இ.டி.யை மின்கலத்தோடு நேரே இணைத்தலாகாது; ஏன்?
5. மின்கலம் 6.4 வோல்ட்டு, எல்.இ.டி. 3.2 வோல்ட்டு, மின்னோட்டம் 0.05 ஆம்பியர் எனின், வேண்டிய மின்தடை எவ்வளவு?
6. 'பழையது அனைத்தும் தீதுமன்று' என்னுந் தலைப்பில், உன் வீட்டில் உள்ள பழம்பொருள் ஒன்றனைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.